பானட்டுக்கு அடியில்: பிரேக் ஆயிலுக்கு நாட்காட்டி, கியர் ஆயிலுக்குக் கிலோமீட்டர்

இந்த மாதக் கடிதங்கள் பலவும் ஒரே இடத்தைச் சுற்றி வந்தன: காரில் உள்ள ஆயில், கூலன்ட் வகையறாவை எப்போது மாற்றுவது? ஒவ்வொன்றும் கெடுகிற விதம் வேறு என்பதால் ஒரே விடை சொல்ல வழியில்லை. கொடைக்கானல் இறக்கத்தில் திகைத்துப்போன திருமங்கலம் வாசகருக்கு முதல் இடம்.

கொடைக்கானல் போய்விட்டுக் குடும்பத்தோடு இறங்கும்போது, டம்டம் பாறை தாண்டியதும் பிரேக் பெடல் அடி வரை போய்விட்டது. நாலைந்து தடவை படபடவென்று மிதித்ததும் கொஞ்சம் பிடித்தது. ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் நின்ற பிறகு பெடல் பழையபடி ஆகிவிட்டது. ஊருக்கு வந்து காட்டினால், 'பேட் நல்லா இருக்கு, ஆயில் அளவும் சரி, ஒண்ணும் குறையில்லை' என்கிறார்கள். ஐந்து வருட கார், 38,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. பிரேக் ஆயில் இதுவரை மாற்றியதில்லை.
— வாசகர், திருமங்கலம்

குறை இருக்கிறது. வண்டி ஆறியதும் ஒளிந்துகொள்கிற குறை என்பதால் ஒர்க்‌ஷாப்பில் தட்டுப்படவில்லை.

பிரேக் ஆயில் என்று வாய்ப்பழக்கத்தில் சொன்னாலும் அது எண்ணெய் இல்லை, கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுப்பது அதன் பிறவிக் குணம். பானட்டுக்கு அடியில் அந்தத் திரவம் நிற்கும் டப்பாவின் மூடியில் உள்ள காற்றுத் துளை வழியாகவும், சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் ஈரம் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வண்டி தினமும் ஓடினாலும் சரி, கவர் போட்டு போர்டிகோவில் நின்றாலும் சரி. அதனால்தான் இதற்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. உங்கள் 38,000 கி.மீ. சின்ன எண், ஐந்து வருடம்தான் பெரிய எண்.

ஈரம் சேர்ந்தால் கொதிநிலை இறங்கும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த நிலையில் தரக்கட்டுப்பாடு கேட்பது 155 டிகிரி மட்டுமே. டாட் 3 என்றால் 205 டிகிரி 140 ஆகிவிடும். இரண்டு மூன்று வருடத்தில் ஈரம் அந்த அளவை நெருங்கிவிடக்கூடும் என்பதால்தான் பெரும்பாலான கம்பெனிகள் இரண்டு வருடம் என்று கெடு வைக்கின்றன. ஐந்தாம் வருடத்தில் உங்கள் காரில் என்ன கொதிநிலை மிஞ்சியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அங்கிருந்து வத்தலக்குண்டுச் சமவெளிக்கு இறங்கும்போது, நாலைந்து பேரும் சாமானும் ஏறிய வண்டியின் வேகத்தையெல்லாம் பிரேக்தான் வெப்பமாக மாற்றித் தின்கிறது. சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் சூடு, அதை அழுத்திப் பிடிக்கும் பேட் வழியாக, பேட்டைத் தள்ளும் காலிபருக்குள் உள்ள பிஸ்டனுக்கும், அதன் பின்னால் நிற்கும் திரவத்துக்கும் ஏறும். அங்கே கொதி வந்தால் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். உங்கள் கால் கொடுத்த அழுத்தம் முழுவதும் குமிழை நசுக்குவதிலேயே தீர்ந்துபோனது. சக்கரத்தைப் பிடிக்க மிச்சமில்லை. ஆறியதும் குமிழ் மறுபடி திரவமாகிவிட்டது, பெடல் திரும்பி வந்துவிட்டது. மதுரைத் தெருவில் எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் இது தெரியாது.

இதோடு குழப்பிக்கொள்ளும் இன்னொரு கோளாறு உண்டு. பெடல் கல் மாதிரி நிற்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை, கருகல் வாடை வருகிறது என்றால், சூடேறியது பேட், திரவம் அல்ல. பெடல் கீழே போனால் திரவம். பெடல் நின்று வண்டி போனால் பேட். மெக்கானிக்கிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் பாதி வேலை முடிந்துவிடும்.

இப்போது செய்ய வேண்டியது: நான்கு சக்கரத்திலும் பழையதை முழுக்க வெளியேற்றிப் புதியது. டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்து நிரப்புவது ஏமாற்று வேலை. கொதிப்பது காலிபரில், டப்பாவில் அல்ல. இனிமேல் இரண்டு வருடம் அல்லது 40,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. சில கம்பெனிகள் மூன்று வருடம் என்று போட்டிருக்கும். மேகமலை, போடிமெட்டு, சிறுமலை என்று மாதம் ஒருமுறை ஏறி இறங்குகிறவர்கள் கையேடு மூன்று என்று சொன்னாலும் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

எது வாங்குவது என்பது டப்பா மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3 கேட்கிற வண்டிக்கு டாட் 4 ஊற்றலாம், மாற்றி ஊற்றக் கூடாது. டாட் 5.1 இவற்றோடு கலக்கும். ஆனால் டாட் 5 என்பது சிலிக்கோன், கிளைக்காலோடு சேராது. பெயர் வைத்தவர்கள் ஒரு புள்ளியில் இவ்வளவு பெரிய வித்தியாசத்தை ஒளித்திருக்க வேண்டாம்.

இறக்கத்தில் ஓட்டும் முறையையும் கவனியுங்கள். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரி டிரைவர்கள் சொல்வது இன்றைக்கும் பொருந்தும். காலைப் பெடலின் மேல் லேசாக வைத்துக்கொண்டே வருவதுதான் கெடுதல். அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். டிஸ்க்குக்குக் காற்று படும் நேரம் கிடைக்கும். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் கியரில் இருந்து ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜினுக்கு எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவாகும்.

மறுபடி அப்படி ஆனால், நீங்கள் செய்தது போலவே படபடவென்று மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கைப் பட்டென்று இழுக்காமல், பட்டனை அழுத்திப் பிடித்தபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். கையால் இழுக்கும் ஹேண்ட் பிரேக் கேபிளில் வேலை செய்வது, இந்தத் திரவத்தை நம்பியில்லை. இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள். அணைத்தால் பெடலை இலகுவாக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், ஸ்டீரிங்கும் கனத்துவிடும். நின்ற பிறகு டிஸ்க்கில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கோணிவிடும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரமாக எடுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் புண்ணியம் சொல்வார்.

பிரேக் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முடியுமா? என்னென்ன வேண்டும்?
— வாசகர், உசிலம்பட்டி

முடியும். ஆனால் இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலுக்கு, ஒருவர் சக்கரத்துக்கு. ஹைபிரிட் வண்டி, எலக்ட்ரானிக் பூஸ்டர் உள்ள வண்டி, மின்சார வண்டி என்றால் கை வைக்காதீர்கள். அதற்கு ஸ்கேனர் வேண்டியிருக்கும்.

சீல் உடைக்காத அரை லிட்டர் டின் இரண்டு, சக்கரத்தில் திரவத்தை வெளியே விடும் பிளீடர் நிப்பிளுக்குச் சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர் (வண்டியைப் பொறுத்து 8, 10 அல்லது 11 மி.மீ.), நிப்பிளில் இறுக்கமாக ஏறும், உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒரு முழம், ஒரு காலி தண்ணீர் பாட்டில், 50 மி.லி. சிரிஞ்சு, ஜாக்கி, அதோடு ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே கை விடக் கூடாது. சிறிய காருக்கு முக்கால் லிட்டர் போதும்.

நிப்பிள்தான் இந்த வேலையின் வில்லன். வருடக்கணக்கில் தொடாத நிப்பிள் துருவேறி ஒட்டியிருக்கும், திறக்கிற வேகத்தில் ஒடிந்தால் காலிபரையே மாற்ற வேண்டி வரும். முந்தின நாள் மாலையே கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு தளர்த்தும் ஸ்பிரே அடித்து விடுங்கள். ஓபன் ஸ்பானர் போட்டால் முனை மழுங்கும். ரிங் ஸ்பானர்தான் போட வேண்டும்.

டப்பாவில் உள்ள பழையதைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள், அடியில் கொஞ்சம் இருக்கட்டும். புதியதை மேல்கோடு வரை ஊற்றுங்கள். பெடலின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவான சக்கரத்தில் ஆரம்பிப்பது பொது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் அது டிரைவர் பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள சில வண்டிகளுக்கு வரிசை வேறு, கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழாயின் ஒரு முனையை நிப்பிளில் மாட்டி, மறுமுனை பாட்டிலில் கொஞ்சம் புது ஆயிலுக்குள் மூழ்கி இருக்கட்டும். உள்ளே இருப்பவர் பெடலை மெதுவாக அழுத்திப் பிடித்து 'பிடிச்சாச்சு' என்று குரல் கொடுக்க, கீழே இருப்பவர் நிப்பிளைக் கால் சுற்று முதல் அரைச் சுற்று வரை திறப்பார். பெடல் கீழே போகும். நிப்பிளை மூடிய பிறகுதான் காலை எடுக்க வேண்டும். முந்திக்கொண்டு எடுத்தால் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். குழாயில் பழுப்பு மாறித் தெளிந்த இளமஞ்சள் வரும் வரை இப்படியே. பின்சக்கரத்துக்குக் கூடுதல் மிதி தேவைப்படும், லைன் நீளம் அப்படி.

இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கும். ஒன்று, டப்பா காலியாகிவிடுவது. எட்டு மிதிக்கு ஒருமுறை பார்த்து ஊற்றிக்கொண்டே இருங்கள். காற்று ஏபிஎஸ் யூனிட்டுக்குள் புகுந்துவிட்டால் சாதாரண மிதியில் வெளியேறாது. இரண்டாவது, பழைய வண்டியில் பெடலைத் தரை வரை அழுத்துவது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் போகாத கடைசிப் பகுதியில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். அங்கே போய் உரசினால் கப் கிழியும், 'ஆயில் மாத்தினதும் பிரேக் போச்சு' என்று பழி ஆயில் மேல் விழும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துவிட்டால் போதும்.

நிப்பிளை மூடும்போது பலத்தைக் காட்ட வேண்டாம், ஒற்றைக் கையின் மணிக்கட்டு இறுக்கம் சரி. ரப்பர் தொப்பியைத் திரும்பப் போடுங்கள். பெயின்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும். வண்டியை இறக்கிய பிறகு இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினாலோ பஞ்சு மாதிரி இருந்தாலோ தெருவுக்கு எடுக்காதீர்கள். மிச்சமான டின்னை அடுத்த தடவைக்கு என்று அலமாரியில் வைக்க வேண்டாம், மூடி திறந்த நாளிலிருந்தே அதுவும் ஈரம் குடிக்கிறது.

பல வண்டிகளில் ஹைட்ராலிக் கிளட்ச்சும் இதே டப்பாவில் இருந்துதான் குடிக்கும். மறக்காமல் அதையும் ஒரு கை பார்த்துவிடுங்கள்.

டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு எரிந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கித்தான் இருந்தது. டப்பாவில் அளவு குறைந்திருந்ததால் ஊற்றினேன், விளக்கு அணைந்துவிட்டது. சரிதானே?
— வாசகி, அனுப்பானடி

விளக்கு அணைந்தது, காரணம் அணையவில்லை. பேட் தேயத் தேயக் காலிபர் பிஸ்டன் வெளியே வரும், அந்த இடத்தை நிரப்ப டப்பாவிலிருந்து திரவம் இறங்கும். ஆக, அளவு குறைவது பேட் தேய்ந்ததைச் சொல்லும் சாட்சி. பேட் கனத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், 3 மி.மீட்டருக்குக் கீழே என்றால் மாற்ற வேண்டும். புதுப் பேட் போடும்போது பிஸ்டனை உள்ளே தள்ளுவார்கள். நீங்கள் ஊற்றிய கூடுதல் அப்போது வழிந்து பெயின்டைக் கெடுக்கும் என்பதால், மெக்கானிக்கிடம் 'மேலே ஊற்றியிருக்கேன்' என்று சொல்லிவிடுங்கள். பேட் நன்றாக இருந்து அளவு குறைந்திருந்தால் கசிவு. பின்சக்கர டிரம்முக்கு உள்பக்கமும், டிரைவர் மிதியடி மேல்பக்கமும் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவரை வண்டியை எடுக்க வேண்டாம்.

பையன் அவசரத்தில் பிரேக் டப்பாவில் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிட்டான். என்ன செய்வது?
— வாசகர், வாடிப்பட்டி

பெடலை யாராவது மிதித்தார்களா என்பதுதான் முதல் கேள்வி. மிதிக்கவில்லை, வண்டியை எடுக்கவில்லை என்றால் பிழைத்தீர்கள்: டப்பாவை உறிஞ்சிக் காலி செய்து, கழற்றி, சுத்தமான பிரேக் ஆயிலால் அலசி, லைன் முழுவதும் புதியது ஓடவிட்டால் தப்பிக்கலாம். மிதித்து ஓட்டியாயிற்று என்றால் செலவு பெரிது. பிரேக்கில் உள்ள ரப்பர் கிளைக்காலுக்காகச் செய்தது, பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊறிப் பெருக்கும். மாஸ்டர் சிலிண்டர் கப், காலிபர் சீல், பின்சக்கர வீல் சிலிண்டர் கப், ஹோஸ்கள், டப்பா மூடியின் ரப்பர் எல்லாம் மாற்ற வேண்டும். ஏபிஎஸ் யூனிட்டையும் சந்தேகப்பட வேண்டும். 'அலசினால் போதும்' என்கிற யோசனையை ஏற்காதீர்கள். ஊறிய ரப்பர் திரும்பச் சுருங்காது, ஒரு நாள் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு விடாது.

சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை. டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு கலக்குங்கள். பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். எண்ணெய் மேலே மிதக்கும். மூடியின் ரப்பர் உப்பி, மறுபடி பொருந்தாமல் இருந்தாலும் அதே அடையாளம்தான். அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள்.

ரேடியேட்டரில் இரண்டு வருடமாக போர் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். இப்போது டிராஃபிக்கில் நின்றால் சூடு முள் ஏறுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் மெக்கானிக்.
— வாசகர், மேலூர்

வீட்டில் போர் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதுதான் உங்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும், இன்ஜின் பிளாக்கின் நீர்வழிகளிலும் படிந்திருக்கிறது. உப்புப் படிவம் சூட்டை நன்றாகக் கடத்தாது. கூலன்ட்டில் இருக்கும் துருத்தடுப்பு மருந்தும் இப்போது இல்லாததால், பம்ப் இறக்கையையும் அலுமினியத் தலையையும் அரிப்பு தின்னத் தொடங்கியிருக்கும்.

தெர்மோஸ்டாட் யோசனையை மறுத்துவிடுங்கள். இன்ஜின் சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் வால்வு அது. சூடான ஊர், அது எதற்கு என்பது இங்கே பரவிக் கிடக்கும் தவறான நம்பிக்கை. அது இல்லாவிட்டால் நெடுஞ்சாலையில் இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும். அதோடு சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிவட்டுதான் ரேடியேட்டரைத் தவிர்க்கும் பைபாஸ் வழியை அடைக்கிறது. கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி, இன்னும் சூடாகும். பழுது என்றால் புதியது போடுங்கள், விலை சில நூறு ரூபாய்தான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறங்கள். சூட்டில் திறந்தால் முகம் வெந்துவிடும். அடி ஹோஸைக் கழற்றிப் பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, ஹீட்டர் உள்ள வண்டி என்றால் அதை முழுச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை இன்ஜினை ஓடவிடுங்கள். ஆறவைத்து வடியுங்கள். வருவது தெளியும் வரை மூன்று நான்கு தடவை ஆகும். தெளிந்தும் சூடு குறையவில்லை என்றால் ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான், அல்லது மாற்ற வேண்டும்.

பிறகு கூலன்ட். டப்பாவில் 'அப்படியே ஊற்றவும்' என்று இருந்தால் தண்ணீர் சேர்க்காதீர்கள். அடர் கூலன்ட் என்றால் சரிபாதி டிஸ்டில்டு வாட்டர் சேருங்கள். மதுரையில் பனி உறையப்போவதில்லையே, தண்ணீரைக் கூட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூட்டலாம், ஆனால் கூலன்ட் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் துருத்தடுப்பு போதாது. தண்ணீரே கலக்காமல் ஊற்றுவதும் தவறு. தனிக் கூலன்ட்டை விடத் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். சிறிய காருக்கு மொத்தம் நாலைந்து லிட்டர் பிடிக்கும், பெரிய டீசல் வண்டிக்கு அதற்கு மேல்.

பழைய பச்சைக் கூலன்ட் இரண்டு வருடம் தாங்கும். ஆர்கானிக் அமில வகை ஐந்து வருடம் வரை போகும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள், நிறம் கம்பெனி இஷ்டம். வகை தெரியாமல் ஒன்றோடு ஒன்று கலந்தால் மருந்து செயலிழக்கும், சில சேர்க்கையில் கூழாகத் திரியும். ரேடியேட்டர் மூடியையும் சேர்த்து மாற்றுங்கள். உள்ளே அழுத்தம் பிடித்து வைத்துக் கொதிநிலையைச் சுமார் இருபது டிகிரி உயர்த்துவது அந்த மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான்.

வடித்த கூலன்ட்டைத் தெருவில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் ஆடும் நக்கும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் சிறுநீரகத்தைக் கொன்றுவிடும்.

வருடத்துக்கு 3,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. இன்ஜின் ஆயில் வருடா வருடம் மாற்ற வேண்டுமா? நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில் நல்லது என்கிறார்களே?
— வாசகர், அண்ணாநகர், மதுரை

வருடா வருடம் மாற்றத்தான் வேண்டும். பத்தாயிரம் கி.மீ. அல்லது ஒரு வருடம் என்பதில் உங்களுக்கு வருடம் முந்துகிறது. அண்ணாநகரிலிருந்து கோயிலுக்கும் கடைக்கும் இரண்டு கி.மீ. போய் அணைக்கிற வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வருவதே இல்லை. எரிப்பில் உண்டாகும் ஈரமும், எரியாத பெட்ரோலும் அதில் தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியின் உள்ளே மோர் நிறத்தில் வழவழப்பு படிந்திருந்தால் அநேகமாக அதுதான் காரணம். கூலன்ட் அளவும் குறைந்துகொண்டே வந்தால் இன்ஜின் தலைக்கு அடியில் உள்ள ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள். வாரம் ஒருமுறை ஒத்தக்கடை தாண்டி ஒரு இருபது முப்பது கி.மீ. ஓட்டிவிட்டு வாருங்கள். சித்திரைத் திருவிழா நெரிசலில் ஏசி போட்டு நின்ற இரண்டு மணி நேரத்தையும் மைல் மீட்டர் எண்ணாது, ஆயில் எண்ணும்.

கெட்டி ஆயில் யோசனை தவறு. வெளியே நாற்பது டிகிரி என்றாலும் இருபது டிகிரி என்றாலும், ஓடும் இன்ஜினைத் தெர்மோஸ்டாட் ஏறக்குறைய தொண்ணூறு டிகிரியில் பிடித்து வைக்கிறது. ஆயிலுக்கு அந்தச் சூடுதான் முக்கியம். கையேடு 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் என்றால் அதையே போடுங்கள். கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் வால்வ் நேரத்தை மாற்றும் பொறியின் சின்னத் துளைகளில் ஆயில் நேரத்துக்குப் போய்ச் சேராது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் தேய்மானமும் கூடும்.

சிறிய பெட்ரோல் இன்ஜினுக்கு ஃபில்டரோடு சுமார் மூன்று லிட்டர். டிப்ஸ்டிக்கின் இரண்டு கோட்டுக்கும் இடையே ஒரு லிட்டருக்குப் பக்கம் என்பதால் கால் லிட்டராக ஊற்றிப் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. வடிகால் போல்ட்டின் வாஷரை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். பத்து இருபது ரூபாய் வாஷருக்குக் கஞ்சம் பார்த்து, போல்ட்டை முறுக்கி ஆயில் பான் மரையை அழித்தவர்கள் நிறைய.

புது டீசல் வண்டிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புகை வடிகட்டி உள்ள பிஎஸ்6 டீசலில் ஆயில் அளவு ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். வடிகட்டியை எரித்துச் சுத்தம் செய்யத் தெளிக்கும் டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்ற வேண்டும். இந்த வண்டிகளுக்குச் சாம்பல் குறைந்த ஆயில்தான் போட வேண்டும். சாதாரண டீசல் ஆயில் வடிகட்டியை அடைத்துவிடும்.

கியர் ஆயில் ஆயுள் முழுக்க வரும் என்கிறார்களே?
— வாசகர், உத்தங்குடி

யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கியர் ஆயில் எரிவதில்லை, ஈரமும் அதிகம் சேராது. பல்லும், கியர் மாறும்போது வேகத்தைச் சமன்செய்யும் சின்க்ரோ வளையமும் தேய்ந்த பொடிதான் அதைக் கெடுக்கிறது. அதனால் இது சுத்தமாகக் கிலோமீட்டர் கணக்கு: மேனுவல் கியருக்கு 60,000 வாக்கில் மாற்றுவது நல்ல பழக்கம். ஏறக்குறைய இரண்டு லிட்டர். நிரப்பும் போல்ட் திறக்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் போல்ட்டைத் திறங்கள். வடித்துவிட்டு நிரப்பும் போல்ட் அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். சமதளத்தில் வைத்து, நிரப்பும் துளை விளிம்பில் சொட்டும் வரை ஊற்றினால் அளவு சரி. ஜிஎல்-4 என்ற தரத்து ஆயில் கேட்கும் பெட்டிக்கு 'உயர்ந்தது' என்று ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் சில பெட்டிகளின் பித்தளைச் சின்க்ரோவைத் தின்னும்.

ஏஎம்டி (தானே கியர் மாற்றிக்கொள்ளும் மேனுவல்) என்றால் உள்ளே இருப்பதும் மேனுவல் பெட்டிதான், கணக்கும் அதே. கியர் மாற்ற மேலே ஹைட்ராலிக் கை உள்ள வண்டிகளில் அதன் ஆயில் தனி, டப்பாவும் தனி. சிவிடி (பல்சக்கரக் கியருக்குப் பதில் பெல்ட் அல்லது செயின் உள்ள வகை), ஆட்டோமேட்டிக் பெட்டிகளுக்குக் கையேட்டில் பெயர் குறிப்பிட்ட திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்ற வேண்டாம்.

பவர் ஸ்டீரிங் ஆயில் டப்பா என் காரில் எங்கே இருக்கிறது? தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.
— வாசகி, திருப்பரங்குன்றம்

இல்லாததைத் தேடுகிறீர்கள். இப்போது வரும் சிறிய கார்கள் அநேகமாக எல்லாமே மோட்டார் வைத்த எலக்ட்ரிக் ஸ்டீரிங், ஆயிலே கிடையாது. யாராவது 'பவர் ஸ்டீரிங் ஆயில் மாற்றினோம்' என்று பில் போட்டால் டப்பாவைக் காட்டச் சொல்லுங்கள்.

வைப்பர் தண்ணீர் பீய்ச்சுவதில்லை. சோப்புத் தூள் கரைத்து ஊற்றியிருந்தேன்.
— வாசகர், செல்லூர்

தூளும் உப்புத் தண்ணீரும் சேர்ந்து நாசிலை அடைத்திருக்கும். ஊசியால் குத்தி எடுத்து, தொட்டியை அலசி, ஆர்ஓ தண்ணீரில் நாலு சொட்டு கார் ஷாம்பு போடுங்கள்.

ஒவ்வொரு கத்திரிக்கும் ஏசி கேஸ் நிரப்பச் சொல்கிறார்கள். அது தீர்ந்துபோகிற பொருளா?
— வாசகர், பேரையூர்

தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது அது. பழைய வண்டியில் வருடக்கணக்கில் கொஞ்சம் குறையலாம். வருடா வருடம் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும், ஏனென்றால் கம்ப்ரஸருக்கு உயவு தருகிற ஆயில் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் போனால் அதுவும் போகும். கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் அடைத்துக்கொண்டிருந்தால் நாலாவது கோடையில் கம்ப்ரஸரே இறுகும். கண்டன்சரிலும் இணைப்பு ரிங்குகளிலும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சரி செய்த பிறகு வேக்குவம் பம்ப் வைத்துக் குறைந்தது அரை மணி நேரம் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். பிறகு எடை போட்டு நிரப்ப வேண்டும். எத்தனை கிராம், எந்த கேஸ் என்று பானட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். அதை விட்டுவிட்டு, குழாயைக் கையால் தொட்டுப் பார்த்துக் 'குளிர்ச்சி வந்திருச்சு' என்று நிறுத்துகிற கடையில் வண்டியை விடாதீர்கள்.